முப்பது மீட்டருக்குள் யாரும் இல்லை

ஒரு வீட்டை இல்லாமல் ஆக்க நாற்பது நிமிடம் போதும். இடிக்க வேண்டியதில்லை, கொளுத்த வேண்டியதில்லை. அதியமான்கோட்டையைத் தாண்டி, நாலுவழிச் சாலைக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் சாமந்திக் காட்டில் குடியிருந்த காவேரியைக் கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பாள். முதலில் கொடியில் கிடக்கிற துணி. அப்புறம் கோழிக்கூடு. வாசல் கோலத்தைச் சீமாறால் கலைத்து, மேலே புழுதியைத் தூவ வேண்டும். அடுப்புக் கற்களைப் பிரித்து வரப்பில் போட வேண்டும். டிஷ் ஆன்டெனா மேல் ஒரு சாக்கு. நிலைக்கால் மஞ்சள் குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கதவை மறைத்து ஆளுயரத்துக்குச் சோளத்தட்டை அடுக்கினால் தீர்ந்தது வேலை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற அதிகாரிக்கு அது வெறும் மோட்டார் ரூம். வேலியோரம் கட்டியிருக்கும் மாட்டை மட்டும் மறக்காமல் அவிழ்த்துக் கிணற்றுக்குப் பின்னால் கட்டிவிட வேண்டும். மாடு நிற்கிற இடத்தில் மனுஷரும் இருப்பார்கள் என்பது அதிகாரிக்குக்கூடத் தெரியும்.

ஒரு பொம்பளை தன் வீட்டைத் தானே ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் உங்களுக்கும் வரட்டும்.

காவேரி வாழ்க்கைப்பட்டது நல்லம்பள்ளியில் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு. மூன்று அண்ணன் தம்பிகள், ஒரே சமையல். பாகம் பிரித்தபோது காவேரியின் புருஷன், நடுவன் மாதுவுக்குச் சாலையோரத்து ஒரு ஏக்கரும் கிணறும், பத்துக்குப் பத்தில் ஒரு மோட்டார் ரூமும் வந்தன. மற்ற இரண்டு பேருக்கும் ஊருக்குள் வீடு. மாது வாயே திறக்கவில்லை. காவேரிதான் மோட்டாரை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த ரூமை ஒட்டி ஹாலோ பிளாக் வைத்து இரண்டு அறை எழுப்பினாள். கலவை குழைத்தது அவள், கல் சுமந்தது அவள், மேலே சிமென்ட் அட்டை ஏறியபோது கீழே நின்று சத்தம் போட்டு வேலை வாங்கியதும் அவள்தான். மகள் காவியா தவழ்ந்ததும் நடந்ததும் அந்தத் தரையில்தான்.

விளக்குக்கான கரன்ட் மட்டும் விவசாய மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து வந்தது. அது தப்பு என்று இருவருக்கும் தெரியும். வீட்டு வரி போடச் சொல்லிப் போனால் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள், பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் எந்த ஆபீஸ் பக்கமும் போகவில்லை. ரேஷன் கார்டு நல்லம்பள்ளி விலாசத்திலேயே கிடந்தது. ஓட்டும் அங்கேதான். இருபது வருஷம் குடியிருந்த வீட்டுக்கு அரசாங்கத்திடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

அப்புறம்தான் வர்ஷினி கேஸ் என்ற எரிவாயுக் கம்பெனி வந்தது. பக்கத்து நாலு ஏக்கரை வாங்கிக் கம்பி வேலி போட்டார்கள். தெற்கேயிருந்து நீள நீளமான இரும்புக் குழாய்களை அடுக்கிய டிரெய்லர்களில் ஹைட்ரஜன் வரும். இங்கே இறக்கிச் சேமித்து, சிலிண்டர்களில் பிடித்து ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவார்கள். இந்தக் காற்றுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. வெயிலில் எரிந்தால் தீயே கண்ணுக்குத் தெரியாது. அதனால் கம்பெனியில் சந்தேகம் வந்தால் நீளக் காம்பு வைத்த சீமாறை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். சீமாறு பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். காவியா பின்னாளில் இதைச் சொன்னபோது மாது விழுந்து விழுந்து சிரித்தான். "கோடி ரூபா கம்பெனி, கடைசியில சீமாறுதானா!" என்றான்.

இப்படிப்பட்ட சரக்கை வைக்க லைசென்ஸ் வேண்டும். சேமிக்கிற இடத்தைச் சுற்றி முப்பது மீட்டருக்குக் குடியிருப்பு இருக்கக் கூடாது, அடுப்பு எரியக் கூடாது, மாடு கன்று கட்டக் கூடாது என்பது அவர்களுக்குப் போட்ட நிபந்தனை. நல்ல நிபந்தனை, குறை சொல்ல ஒன்றுமில்லை. காவேரியின் வாசல் இருபத்திரண்டாவது மீட்டரில் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் குழாய்களைத்தான் எட்டு மீட்டர் தள்ளி வைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள்.

கான்கிரீட்டைவிட இளகினது எது என்று பார்த்து, மேனேஜர் மாதவராஜ் ஒரு நாள் காவேரி வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொடுத்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்தார். அப்படிப்பட்ட ஆள்.

"அக்கா, உங்க வூட்டை யாரும் எடுக்கப் போறதில்லீங்க. நீங்க பாட்டுக்கு இருங்க. வருசத்துல ரெண்டு மூணு நாள் அதிகாரிங்க வருவாங்க. அன்னைக்கு மட்டும் இது மோட்டார் ரூம். முன்ன மோட்டார் ரூமாத்தான இருந்துச்சு? பொய்கூட இல்லைங்க. அப்படின்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்" என்றார். எழுந்திருக்கும்போது, "காவியா டிப்ளமா கெமிக்கல் முடிச்சிருக்குதாமே? சேஃப்டி செக்ஷன்ல ஒரு எடம் காலியா இருக்குதுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

மாதுவுக்குப் பிடிக்கவில்லை. "இருக்கற வூட்டை இல்லேன்னு எப்புடிடி எழுதித் தர்றது?"

"எழுத்துல இல்லேன்னா நாம இல்லாம போயிருவமா? இருவது வருசமா எந்த எழுத்துல இருந்தோம்?" என்றாள் காவேரி.

அவளுக்கு வேறு கணக்கு. பத்து வயதிலிருந்து பூப் பறித்த கை அவளுடையது. சாமந்திக் காம்பு பட்டுப் பட்டு நகக்கண் பச்சை ஏறிக் கறுத்துப்போய், கல்யாணத்துக்குப் போனால் முந்தானைக்குள் விரலை மறைத்துக்கொள்வாள். தன் மகள் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அதுவும் கண்ணெதிரே பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளை ஆட்டி வைத்தது. அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். முப்பது மீட்டருக்குள் யாரும் குடியில்லை, மோட்டார் போட மட்டும் வந்து போவோம் என்று அந்தத் தாளில் இருந்தது.

காவியா வேலைக்குச் சேர்ந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. வருஷா வருஷம் அனுப்புகிற பாதுகாப்புச் சான்றை நிரப்புவது அவள் வேலை. 'பாதுகாப்பு வட்டத்துக்குள் குடியிருப்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருஷம் எழுதிவிட்டு வந்து சாயங்காலம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். காவேரி வலுக்கட்டாயமாக எழுப்பி உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

கம்பெனியில் ஒத்திகை என்று ஒன்று உண்டு. அதிகாரி முன்னால் சைரன் ஊதுவார்கள். டீக்கடை, டயர் கடை, மாங்கூழ் ஷெட் ஆட்கள் எல்லாரையும் சாலைக்கு மேற்கே கூட்டிப்போய் நிறுத்துவார்கள். கையில் பட்டியல் வைத்துக்கொண்டு தலை எண்ணுவாள் காவியா. பட்டியலில் பதினோரு பேர். அவளுடைய அப்பா அம்மா அதில் இல்லை. அவர்கள் இருவரும் முன்கூட்டியே சாமான்களை ஒதுக்கி, சோளத்தட்டை அடுக்கிவிட்டு, சைரன் கேட்டதும் பின்பக்கச் சந்து வழியாக உள்ளே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். மாதுவுக்கு இருமல் வந்தால் வாயில் துண்டை வைத்துக்கொள்வான். உயிர் பிழைக்க ஓடிப் பழக வேண்டிய நாளில், இவர்கள் ஒளிந்து பழகினார்கள்.

இது மூன்று வருஷம் ஓடியது. எப்போது அதிகாரி வருகிறார் என்று முந்தின நாளே காவியா சொல்லிவிடுவாள். ஆனால் இந்த வருஷம் தையில் ஒரு நாள், "இனிமே சொல்லாம கொள்ளாமகூட வருவாங்களாம்மா, புது உத்தரவு வந்திருக்குது. சைரன் கேட்டா எதுக்கும் உஷாரா இருங்க" என்றாள். மகள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி. தார் ரோடு இளகுகிற வெயில். சைரன் ஊதியது.

காவேரி சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினாள். துணி, கோழிக்கூடு, கோலம், அடுப்பு. "இன்னைக்குப் பாத்து வந்து தொலைச்சிருக்கானுங்க" என்று முனகிக்கொண்டே சோளத்தட்டை இழுத்தாள். சாலையில் டயர் கடைக்காரர்கள் மேற்கே ஓடுவதைப் பார்த்தாள். எப்போதும் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறவர்கள் இன்று செருப்பு கழலக் கழல ஓடினார்கள். அதை அவள் பார்க்கத்தான் செய்தாள். அதிகாரி பெரிய ஆளாக இருப்பார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"மாட்டைப் புடிச்சுக் கட்டுய்யா, வேலிகிட்டயே நிக்குது பாரு!" என்று கத்தினாள்.

கம்பெனிக்குள் நடந்தது வேறு. அன்றைக்கு இரண்டு டிரெய்லர்கள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டன. இறக்குமிடத்தில் ஒன்றுக்குத்தான் இடம். இன்னொன்றை வேலியை ஒட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள், அங்கே நிறுத்தவே கூடாது என்று போர்டு மாட்டியிருந்த இடத்தில். அதன் குழாய் மூட்டு ஒன்று விட்டுப்போய், சீறிக்கொண்டு வந்த காற்று எப்படியோ பற்றிக்கொண்டது. தீ வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

மாது மாட்டை நோக்கி நடந்தான். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கதறியது. சைரனுக்கு மிரள்கிறது என்று நினைத்து, "ஹோ... ஹோ..." என்று தட்டிக்கொடுத்தபடி குனிந்து, வேலிக் கம்பத்தில் இருந்த முடிச்சுக்கு இரண்டு கையையும் நீட்டினான்.

சாலைக்கு மேற்கே காவியா பட்டியலோடு நின்றாள். பதினோரு பேரும் வந்துவிட்டார்கள், கணக்குச் சரி. அப்போதுதான் அப்பா வேலியை நோக்கி நடப்பதைப் பார்த்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி, அவள் போன் கேட்டில் கிடந்தது. "அப்பா!" என்று கத்தினாள். நாலு வழியிலும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. குறுக்கே பாயப் போனவளை டயர் கடைக்காரர் ராஜப்பன் கட்டிப் பிடித்து நிறுத்தினார்.

மாடு கயிறு அறுந்து தப்பித்தது. மாதுவின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும், முகமும் வெந்துபோயின. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கண் போய்விட்டது.

கம்பெனியை மூடி வைத்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்த காவேரி, ஒன்பதாம் நாள் விடியலில் வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு மறைப்பதாக இல்லை. வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டாள். அடுப்பைக் கூட்டிக் களி கிண்டினாள். இருக்கிற துணியை எல்லாம் நனைத்துக் கொடி நிறையக் காயப்போட்டாள். எல்லாரும் பார்க்கட்டும் என்ற வெறி அவளுக்கு.

"நீ உள்ளதைச் சொல்லிடும்மா. எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல" என்றாள் காவியா. எட்டு நாளில் பாதியாக இளைத்துப்போயிருந்தாள்.

ஒன்பது மணிக்கு மாதவராஜ் வந்தார். இன்றைக்கும் செருப்பை வெளியேதான் விட்டார். கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார். மாதுவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். கண்கூட லேசாகக் கலங்கியது. அப்புறம் பேசினார்.

"பத்து மணிக்கு வர்றாங்கக்கா. மெட்ராஸ்ல இருந்து ஒரு மேடம், ரொம்ப கறாரு. நீங்க இது வூடுன்னு சொன்னா லைசென்ஸ் போயிரும். போவட்டும், மொதலாளிக்கு வேற தொழில் இல்லீங்களா? ஆனா மூணு வருசமா இங்க யாருமில்லேன்னு சர்ட்டிபிகேட் போயிருக்குது. அதுல என் கையெழுத்து எங்கயும் இல்லீங்க. எல்லாத்துலயும் காவியாதான் போட்டிருக்குது. பொய் சர்ட்டிபிகேட், அதனால ஒருத்தருக்குக் கண்ணு போயிருக்குது. கேஸு அது மேலதான் வரும். சின்னப் பொண்ணு, ஜெயிலு கியிலுன்னு... நீங்களே யோசிச்சுக்கங்க."

இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து சொல்கிற குரலில் சொன்னார். அவர் போனபின் காவேரி கொடிக்குப் போய் ஈரத் துணிகளை உருவினாள்.

"அம்மா, வேணாம்மா" என்றாள் காவியா. கையைப் பிடித்து இழுத்தாள். காவேரி உதறிவிட்டாள். கோலத்தைக் கலைத்தாள். அடுப்பை அவித்துக் கற்களைப் பிரித்தாள், கை சுட்டதைக்கூடப் பார்க்கவில்லை. சோளத்தட்டை அவள் ஒருத்தியே இழுத்து அடுக்கினாள். மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு தட்டைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

அதிகாரியின் பெயர் பானுமதி. மற்றவர்களைப் போல வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடாமல் காட்டுக்குள் இறங்கி வந்தாள். வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். குனிந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டாள்.

"சூடா இருக்கேம்மா?"

"மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சினேங்க."

"இங்கே யாரும் குடியிருக்கலையா?"

"இல்லீங்க. நாங்க நல்லம்பள்ளிங்க. தண்ணி பாய்ச்ச வந்து போவோம்."

பானுமதி உடனே எழுதவில்லை. கூட வந்தவர்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பயப்படாதீங்கம்மா. இங்கே ஆள் இருக்காங்கன்னு நீங்க சொன்னாத்தான் அந்தக் குழாயை எல்லாம் தள்ளி வைக்கச் சொல்லி என்னால எழுத முடியும். அன்னைக்கு உங்க வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லலையே, ஏன்? ஊரே ஓடறப்ப அவர் ஏன் வேலிகிட்ட வந்தார்?"

உங்கள் கண்ணில் மாடு படக் கூடாதென்றுதான் வந்தார் தாயே. அந்தப் பதில் காவேரியின் நெஞ்சு வரைக்கும் வந்தது. பத்தடி தள்ளி நீலச் சட்டையோடு நின்ற மகளைப் பார்த்தாள்.

"அவருக்குக் காது மந்தங்க. வேணாம்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு, அங்கதான் மாட்டைக் கட்டுவாரு. தப்பு எங்க மேலதாங்க."

காவியா முகத்தைப் பொத்திக்கொண்டு கம்பெனிப் பக்கம் நடந்துவிட்டாள். பானுமதி எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்து வாங்கினாள்.

அந்த அம்மாள் நேர்மையானவள்தான். அதனால்தான் அறிக்கையும் கறாராக வந்தது. டிரெய்லரைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்காகக் கம்பெனிக்கு எச்சரிக்கை, ஒரு மாதம் மூடல். தடை செய்த இடத்தில் மாடு கட்டியதும், சைரனை மதிக்காமல் வந்ததும் மாதுவின் கவனக்குறைவு. இனி இப்படி நடக்காமல் இருக்க முப்பது மீட்டருக்கும் வேலி போட வேண்டும். மோட்டாரை வட்டத்துக்கு வெளியே மாற்ற வேண்டும். ஆள் குடியில்லாத அந்தப் பழைய மோட்டார் ரூமை இடித்துவிட வேண்டும். மனுஷர் உயிருக்கு நல்லது என்று நினைத்து எழுதிய உத்தரவு அது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கம்பெனி திறந்த அன்றே காவியா நீலச் சட்டையைத் துவைத்து மடித்துக் கேட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது ஓசூரில் ஏதோ கடையில் பில் போடுகிறாளாம். அம்மாவிடம் போனில் பேசினாலும் அப்பாவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

மாதுவிடம் எதையும் மறைக்காமல் காவேரியே சொன்னாள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், வீட்டை எந்தத் தேதியில் இடித்தார்கள் எல்லாம். அவன் கட்டுப்போட்ட கைகளைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டான். திட்டவில்லை. அப்புறம் அவளிடம் பேசவும் இல்லை. அவள்தான் மூன்று வேளையும் ஊட்டிவிட்டாள், வாயை மட்டும் திறந்தான்.

நாற்பத்தாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் சீட்டை வைத்துக்கொண்டு, "அட்ரஸ் சொல்லுங்க. அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க எங்கேயிருந்து வருவீங்க?" என்று மாதுவைக் கேட்டாள்.

மாது மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் காவேரியைப் பார்த்தான்.

"அவளைக் கேளுங்க. என்னைக் குடி வெச்சதும் அவதான், காலி பண்ணுனதும் அவதான்."

காவேரி நல்லம்பள்ளி விலாசத்தைச் சொன்னாள்.